இருட்டுதான் உங்க ஷட்டர்!

விஸ்காம் டிபார்ட்மென்ட் பீரோவைத் திறந்தா ரெண்டு ஸ்டுடியோ ஃப்ளாஷ் தூங்கிட்டு இருக்கும். பக்கத்துல ஒரு வெள்ளைக் குடை, ஒரு சாஃப்ட் பாக்ஸ், ரெண்டு ஸ்டாண்டு. எல்லாம் இருக்கும்... கேமரா மட்டும் இருக்காது! அது சீனியர்ஸோட குறும்படத்துக்குப் போயிருக்கும். இல்லைன்னா சர்வீஸுக்குப் போயிருக்கும். உங்களுக்கோ திங்கட்கிழமை சப்மிஷன். கையில இருக்கிறது ஒரே ஒரு ஸ்மார்ட்போன்.

"போன்ல எல்லாம் ஸ்டுடியோ ஃப்ளாஷ் வேலைக்கு ஆகாது மச்சி... பேசாம ஜன்னல் பக்கம் போய் எடு!" என்று அட்வைஸ் அள்ளி விட நாலு பேர் ரெடியா இருப்பாங்க. கேமரா வாங்கக் காசு இல்லாத ஒருத்தர், 'நமக்கு இந்த லைட்டிங் எல்லாம் சரிப்படாது'னு ஒதுங்கிப் போறது இங்கேதான்.

ஒதுங்காதீங்க. சாதாரண போனையும் ஸ்டுடியோ ஃப்ளாஷையும் ஒயர் போட்டு இணைக்க முடியாதுங்கிறது உண்மைதான். ஆனா, இருட்டைப் போட்டு இணைக்கலாம்! எப்படின்னு கேட்கிறீங்களா? முதல்ல இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன தகராறுன்னு பார்த்துடலாம்.

'இப்ப அடி!'

டி.எஸ்.எல்.ஆர். கேமராவோட தலையில ஒரு சின்ன உலோகத் தண்டவாளம் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேர் ஹாட் ஷூ. கேமராவின் ஷட்டர் முழுசா திறந்த உடனே, அந்த ஹாட் ஷூ வழியா 'இப்ப அடி!'னு ஃப்ளாஷுக்குத் தகவல் போகும். ஃப்ளாஷ் பளிச்னு அடிச்சுட்டு, சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில அணைஞ்சுடும். அந்தத் துளி நேரத்துல ஷட்டர் முழுசா திறந்திருந்தாதான் படம். இந்த டைமிங் பொருத்தத்துக்குத்தான் 'சிங்க்'னு பேர்.

போன்ல ஹாட் ஷூ கிடையாது. போதாக்குறைக்கு, போன் கேமரா ஒரு தில்லாலங்கடி வேலையும் பண்ணுது. நீங்க ஆப்பைத் திறந்து வெச்சிருக்கும்போதே அது வரிசையா ஃப்ரேம்களை எடுத்து மெமரியில சுத்த விட்டுட்டே இருக்கும். நீங்க பட்டனைத் தொட்டதும், அதுல இருந்து நல்லதா நாலஞ்சைப் பொறுக்கி, ஒண்ணா சேர்த்து ஒரு படமாக் கொடுக்கும். சில சமயம் நீங்க தொடுறதுக்கு முன்னாடியே எடுத்த ஃப்ரேமும் அதுல இருக்கும்! இப்படிப்பட்ட ஆளுகிட்ட 'எப்ப ஷட்டர் திறந்துச்சு?'னு கேட்டா என்ன பதில் வரும்?

முதுகுல மின்னுதே, அது என்ன?

'போன்லயும் ஃப்ளாஷ் இருக்கே... அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஸ்டுடியோ ஃப்ளாஷ் அடிக்காதா?' நல்ல கேள்வி. பெரும்பாலான ஸ்டுடியோ ஃப்ளாஷ்களில் 'ஆப்டிகல் ஸ்லேவ்'னு ஒரு குட்டிக் கண் இருக்கு. வேற ஒரு ஃப்ளாஷ் பளிச்னு அடிச்சா, அதைப் பார்த்துட்டு இதுவும் அடிக்கும்.

சிக்கல் என்னன்னா, போன் முதுகுல இருக்கிறது எல்.இ.டி. விளக்கு. சொல்லப்போனா அது ஒரு டார்ச். ஸ்டுடியோ ஃப்ளாஷ்ல இருக்கிறது செனான் வாயு நிரப்பின குழாய். கபாசிட்டர்ல சேர்த்து வெச்ச மின்சாரத்தை மொத்தமா ஒரே மூச்சுல கொட்டிடும். எல்.இ.டி.க்கு அந்த வேகமும் கிடையாது, அந்த வீரியமும் கிடையாது. அதனால ஸ்லேவ் கண் பல நேரம் அதை மதிக்கவே மதிக்காது.

ஒருவேளை மதிச்சாலும் வம்புதான். போன் முதல்ல வெளிச்சத்தை அளக்கவும் ஃபோகஸ் பிடிக்கவும் ஒரு தடவை எல்.இ.டி.யைப் போடும். அப்புறம்தான் படம் எடுக்கப் போடும். ஸ்லேவ் முதல் வெளிச்சத்தைப் பார்த்தே அடிச்சுட்டு ஓய்ஞ்சுடும். மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே மேளம் அடிச்சு முடிச்ச கதை!

செனான் ஃப்ளாஷ் வெச்ச போன்களும் ஒரு காலத்துல வந்தது. 2006-ல் சோனி எரிக்சன் கே800ஐ, 2007-ல் நோக்கியா என்82, 2012-ல் நோக்கியா 808 ப்யூர்வியூ, 2013-ல் லூமியா 1020... இதெல்லாம் நிஜமாவே 'பளிச்' பார்ட்டிகள். ஆனா, கபாசிட்டருக்கு இடம் வேணும். போன் ஒல்லியாக ஒல்லியாக அதுக்கு இடம் இல்லாமப் போச்சு. வீடியோவுக்கும் டார்ச்சுக்கும் சேர்த்து உதவுற எல்.இ.டி. அந்த சீட்டைப் பிடிச்சுக்கிச்சு.

பந்தியில் ஒரு பாடம்

சரி, எப்படியோ ஒரு ஐடியா பண்ணி, போன் படம் எடுக்கிற நேரத்துலயே ஃப்ளாஷை அடிச்சுட்டீங்கன்னு வெச்சுக்குவோம். அப்பவும் படத்துல ஒரு பட்டை மட்டும் வெளிச்சமா வரும், மீதி இருட்டா இருக்கும். ஏன்?

கல்யாணப் பந்திக்கு வாங்க. ஒருத்தர் முதல் ஆள்ல ஆரம்பிச்சு கடைசி ஆள் வரைக்கும் வரிசையா இலை போட்டுட்டே போறார். அவர் பின்னாடியே இன்னொருத்தர் அதே வேகத்துல இலையை எடுத்துட்டே வர்றார். அந்த நேரம் பார்த்து, எல்லா இடத்துலயும் ஒரே நொடியில பாயசம் விழுது. யாருக்குக் கிடைக்கும்? அந்த நொடியில யார் முன்னாடி இலை இருக்கோ, அவங்களுக்கு மட்டும்!

போன் சென்சாரும் இப்படித்தான். மேல் வரிசையில இருந்து கீழ் வரிசை வரைக்கும் ஒவ்வொண்ணா திறந்து, ஒவ்வொண்ணா படிச்சு மூடும். 'ரோலிங் ஷட்டர்'னு இதைச் சொல்வாங்க. முதல் வரிசையில இருந்து கடைசி வரிசைக்கு வர 20 மில்லிநொடி ஆகுதுன்னு வெச்சுக்குங்க. ஷட்டர் வேகம் 1/1000 நொடி, அதாவது ஒரு மில்லிநொடி. அப்ப எந்த நேரத்துல பார்த்தாலும் இருபதுல ஒரு பங்கு வரிசைதான் திறந்திருக்கும். ஃப்ளாஷ் பாயசம் அந்தப் பட்டைக்குத்தான்!

இதுக்குத் தீர்வு பந்தியிலேயே இருக்கு. இலை எடுக்கிறவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. கடைசி ஆளுக்கு இலை விழுந்த பிறகு அவர் ஆரம்பிக்கட்டும். நடுவுல எல்லார் முன்னாடியும் இலை இருக்கிற ஒரு நேரம் கிடைக்குமே... பாயசம் அப்ப விழட்டும்!

அதே கணக்குல ஷட்டரை 1/10 நொடிக்கு, அதாவது 100 மில்லிநொடிக்கு வைங்க. வரிசை எல்லாம் திறக்க 20 போனாலும், மீதி 80 மில்லிநொடி மொத்த சென்சாரும் திறந்தே இருக்கும். ரெண்டு நொடிக்கு வெச்சா? கிட்டத்தட்ட ரெண்டு நொடியும் உங்க கையில! பட்டன் எப்ப, ஃப்ளாஷ் எப்பன்னு மில்லிநொடி கணக்குப் பார்க்கவே வேணாம்.

'அடப் போங்க பாஸ், ரெண்டு நொடி ஷட்டர் திறந்திருந்தா ரூம் லைட்டெல்லாம் வந்து படம் வெளுத்துப் போயிடுமே!'னு கேட்கிறீங்கதானே? கரெக்ட். அதனால ரூம் லைட்டை அணைச்சுடுங்க. அவ்வளவுதான் மேட்டர்!

எட்ஜர்டன் சொல்லிக் கொடுத்த வித்தை

இது இன்னிக்கு நேத்திக்குக் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பேராசிரியராக இருந்தவர் ஹரால்ட் எட்ஜர்டன். 1930-களின் தொடக்கத்திலேயே மின்னல் வேக ஃப்ளாஷ்களை உருவாக்கியவர். ஒரு துளி பால் விழுந்து கிரீடம் மாதிரி தெறிக்கிற 1957-ம் வருஷப் படம், ஆப்பிளைத் தோட்டா துளைச்சுட்டுப் போகிற 1964-ம் வருஷப் படம்... ரெண்டும் இவர் கைவண்ணம்தான்.

தோட்டாவை உறைய வைக்கிற வேகத்துக்குச் சாதாரண கேமரா ஷட்டர் ஓடாது. எட்ஜர்டனுக்கு அது தேவைப்படவும் இல்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வெச்சுட்டு, சரியான கணத்துல ஃப்ளாஷை அடிச்சார். வெளிச்சம் இருந்த நேரம் மட்டும்தான் படத்துல பதிஞ்சது. இருட்டுல ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தா என்ன... பதியறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே! 'ஓப்பன் ஃப்ளாஷ்'னு இதுக்குப் பேர். தோட்டாவையே உறைய வெச்ச வித்தைக்கு உங்க ஃப்ரெண்டோட முகம் எம்மாத்திரம்?

ரெடி... ஸ்டெடி... பளிச்!

தேவையான பொருட்கள்: மேனுவலா செட் பண்ண முடிகிற கேமரா ஆப், போனை ஆடாம நிறுத்த ஒரு ஸ்டாண்டு, ஒரு ஃப்ளாஷ், கூட ஒரு நண்பர்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ மோட்' உள்ளேயே இருக்கு. இல்லாதவங்க 'ஓப்பன் கேமரா' மாதிரி இலவச ஆப்பை முயற்சி பண்ணலாம். ஆனா, உங்க போன் மேனுவல் ஷட்டருக்கு இடம் கொடுக்குதான்னு முதல்ல பாருங்க. ஐபோன்காரங்க மேனுவல் கன்ட்ரோல் உள்ள வேற ஆப் போட்டுக்கணும். அதுல மாடலைப் பொறுத்து ஒரு நொடி வாக்குல ஷட்டர் கிடைக்கும். நம்ம வேலைக்கு அது போதும்.

1. ராத்திரி நேரமா பார்த்து ஆரம்பிங்க. ஜன்னலுக்குத் திரை, கதவு இடுக்குக்குத் துணி. ரௌட்டர், சார்ஜர் லைட்டெல்லாம் மூடிடுங்க. போன் ஸ்கிரீன் வெளிச்சத்தையும் குறைங்க.

2. போனை ஸ்டாண்டுல மாட்டுங்க. ஸ்டாண்டு இல்லையா? புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுங்க. செமஸ்டர் புக்ஸ் இப்பவாவது உதவட்டும்!

3. லைட் எரியும்போதே ஃபோகஸ் பண்ணி, மேனுவல் ஃபோகஸ்ல பூட்டிடுங்க. இருட்டுல ஆட்டோ ஃபோகஸ் அல்லாடும்.

4. ஐ.எஸ்.ஓ. 50 அல்லது 100. ஷட்டர் ஒண்ணு அல்லது ரெண்டு நொடி. ஒயிட் பேலன்ஸ் 5500. 'ரா' ஃபைல் வசதி இருந்தா போட்டுக்குங்க. போன் ஃப்ளாஷ், ஹெச்.டி.ஆர்., நைட் மோட் மூணையும் அணைச்சுடுங்க. நைட் மோட் ஏன் கூடாது? அது பல ஃப்ரேம்களைக் கலந்து படம் பண்ணும். உங்க ஃப்ளாஷ் அதுல ஒரே ஒரு ஃப்ரேம்லதான் விழும். மத்ததோட கலந்து நீர்த்துப் போயிடும்.

5. ஸ்டுடியோ ஃப்ளாஷ்ல தொடர்ந்து எரியற மாடலிங் லேம்ப் இருக்கும். அதை அணைங்க. இப்ப ஃப்ளாஷ் அடிக்காம ஒரு படம் எடுங்க. அது கருகும்னு வரணும். வந்தா பாஸ்! மங்கலா எதாவது தெரிஞ்சா, இன்னும் எங்கயோ வெளிச்சம் கசியுதுன்னு அர்த்தம்.

6. போன்ல ரெண்டு நொடி டைமர் போட்டு பட்டனைத் தொடுங்க. டைமர் முடிஞ்சு ஷட்டர் திறந்ததும், நண்பர் ஃப்ளாஷோட 'டெஸ்ட்' பட்டனை ஒரு தடவை அமுக்கணும். ரேடியோ ட்ரிக்கர் இருந்தா இன்னும் வசதி. கேமராவுல மாட்டுற டிரான்ஸ்மிட்டரைக் கையில வெச்சுக்கிட்டு, அதோட டெஸ்ட் பட்டனை நீங்களே அமுக்கலாம். ரெண்டாவது ஃப்ளாஷ் இருந்தா அதை ஆப்டிகல் ஸ்லேவ்ல போடுங்க. முதல் ஃப்ளாஷைப் பார்த்து அதுவும் சேர்ந்து அடிக்கும். எல்.இ.டி.யை மதிக்காத அந்தக் கண், இதை நல்லா மதிக்கும்!

வெள்ளையா வெடிக்குதா?

முதல் படம் பெரும்பாலும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போய்தான் வரும். பயப்படாதீங்க. ஒரு சின்ன கணக்கு இருக்கு.

ஃப்ளாஷுக்கு 'கைட் நம்பர்'னு ஒண்ணு உண்டு. அதை மீட்டர் தூரத்தால வகுத்தா தேவையான அப்பர்ச்சர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-ல் கைட் நம்பர் 40 உள்ள ஃப்ளாஷை 2 மீட்டர் தள்ளி முழு பவர்ல அடிச்சா, எஃப் 20 வேணும். உங்க போன் எஃப் 1.8-னு வெச்சுக்குவோம். பெரும்பாலான போன்ல அதை மாத்தவும் முடியாது. 20-ஐ 1.8-ஆல் வகுத்து, வர்ற விடையை அதே எண்ணால பெருக்கினா சுமார் 123. அதாவது, தேவையைப்போல 123 மடங்கு வெளிச்சம்! அப்ப 1/128 பவர்தான் உங்க தொடக்கப் புள்ளி. குடையோ சாஃப்ட் பாக்ஸோ போட்டா கொஞ்சம் வெளிச்சம் செத்துடும். அதுக்கேத்த மாதிரி 1/64, 1/32-னு ஏத்திக்குங்க.

பெரிய ஸ்டுடியோ லைட்டுகள் பலதுல அவ்வளவு கீழே இறங்க முடியாது. அப்ப லைட்டைத் தள்ளி வைங்க. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காகும். வெள்ளைச் சுவர்ல திருப்பி அடிச்சாலும் குறையும், வெளிச்சமும் மென்மையா வரும்.

இதுல ஒரு போனஸ்: ஸ்பீட் லைட் வகை ஃப்ளாஷ்கள் பவர் குறையக் குறைய இன்னும் சீக்கிரம் அணையும். குறைஞ்ச பவர்ல 10,000-ல் ஒரு பங்கு நொடிக்கும் கீழே போறதும் உண்டு. தெறிக்கிற தண்ணீர், பறக்கிற முடி எல்லாம் கத்தி மாதிரி ஷார்ப்பா உறையும்.

ஷட்டர் நேரத்தை மாத்தினா ஃப்ளாஷ் வெளிச்சம் கூடாது, குறையாது. ஃப்ளாஷ் பவர், தூரம், ஐ.எஸ்.ஓ. - இந்த மூணுதான் உங்க கைப்பிடிகள். இதை மனசுல ஏத்திக்கிட்டா, நாளைக்கு எந்தப் பெரிய கேமரா கையில கிடைச்சாலும் லைட்டிங்ல தடுமாற மாட்டீங்க.

ஒரு ஃப்ளாஷ்... மூணு லைட்!

இப்பதான் இருட்டு உங்களுக்கு வட்டி கொடுக்கப் போகுது. ஷட்டரை 10 நொடிக்கு வைக்க முடிகிற போனா? மேஜை மேல ஒரு வாட்ச், ஒரு சென்ட் பாட்டில் மாதிரி அசையாத பொருளை வைங்க. ஷட்டர் திறந்ததும் இடது பக்கம் ஒரு 'பளிச்'. ஃப்ளாஷைத் தூக்கிட்டு வலது பக்கம் போய் இன்னொரு 'பளிச்'. பின்னாடி போய் விளிம்புக்கு ஒண்ணு. மூணு லைட் வெச்சு எடுத்த விளம்பரப் படம் மாதிரி வரும். செலவு: ஒரே ஃப்ளாஷ்!

ஃப்ரெண்டை ஒரு இடத்துல நிக்க வெச்சு ஒண்ணு, நகர்ந்து உட்கார வெச்சு ஒண்ணு அடிச்சா, ஒரே ஃப்ரேம்ல டபுள் ஆக்‌ஷன்! பின்னணி கறுப்பா இருக்கணும், அதுதான் கண்டிஷன். எட்ஜர்டனும் 1938-ல் ஒரு கோல்ஃப் வீரரின் வீச்சை ஒரே படத்துல பல ஃப்ளாஷ் அடிச்சு அடுக்கிக் காட்டினவர்தான்.

கொஞ்சம் உஷார்!

* ஃப்ளாஷைத் திறந்து பார்க்கிற ஆர்வம் வேண்டவே வேண்டாம். உள்ளே கபாசிட்டர்ல சில நூறு வோல்ட் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் இருக்கும். உயிருக்கே ஆபத்து.

* கண்ணுக்குக் கிட்ட வெச்சு அடிக்காதீங்க. தொடர்ந்து பளிச் பளிச்னு வெளிச்சம் பட்டா வலிப்பு வரக்கூடியவங்க குரூப்ல இருந்தா, அவங்களை வெச்சு இந்த விளையாட்டு வேண்டாம்.

* லைட் அணைக்கிறதுக்கு முன்னாடி ஒயர்களைத் தரையோட டேப் போட்டு ஒட்டுங்க. ஸ்டாண்டு கால்ல மணல் மூட்டையோ, கனமான பையோ வைங்க.

* போஸ் கொடுக்கிறவங்ககிட்ட 'லைட் அணைப்போம், ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி அடிப்போம்'னு முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்க. இருட்டு அறையில அவங்களுக்குத் தெரிஞ்ச இன்னொருத்தரும் கூட இருக்கட்டும்.

காசு இருந்தா வேற ரூட்

போனையும் ஃப்ளாஷையும் பேச வைக்கிற கருவிகளும் வந்திருக்கு. 2017-ல் கோடாக்ஸ் நிறுவனம் ஏ1-னு ஒரு குட்டிக் கருவியை விட்டது. போன் ப்ளூடூத்ல அதோட பேசும், அது ரேடியோவில பெரிய ஃப்ளாஷ்களுக்குச் சொல்லும். 2020-ல் ப்ரோஃபோட்டோ தன்னோட சில ஃப்ளாஷ்களையே ஆப் மூலமா போன் கேமராவோட இணைச்சது. அந்தந்தக் கம்பெனியோட ஃப்ளாஷும் ஆப்பும் வேணும்ங்கிறதுதான் இதுல கண்டிஷன். வாங்கறதுக்கு முன்னாடி உங்க போனுக்கு ஒத்துவருமான்னு கேட்டுக்குங்க.

ரோலிங் ஷட்டரை ஒழிச்சுக்கட்டவும் வழி இருக்கு. எல்லா வரிசையையும் ஒரே நேரத்துல திறந்து மூடுற 'குளோபல் ஷட்டர்'. 2023 நவம்பர்ல சோனி அறிவிச்ச ஏ9 த்ரீதான் இந்த வசதியோட வந்த முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா. பந்தியில எல்லாருக்கும் ஒரே நொடியில இலை! ஆனா, அதோட விலையைக் கேட்டா உங்களுக்கு இருட்டிட்டு வரும்.

எதுக்கு இது ஆகாது?

பட்டப்பகல்ல, வெட்டவெளியில இந்த வித்தை பலிக்காது. மேடை நிகழ்ச்சி, கல்யாணம், ஸ்போர்ட்ஸ் டே... எதுக்கும் ஆகாது. நிமிஷத்துக்கு முப்பது படம் எடுக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் பொறுமையா யோசிச்சு, இருட்டுல நின்னு, எண்ணி அடிக்கணும்.

ஆனா, லைட்டிங் கத்துக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல வகுப்பு எது? ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கிறப்ப சூரியன் எங்கே வெச்சுதோ அங்கேதான் நிழல். இங்கே படத்துல இருக்கிற ஒவ்வொரு வெளிச்சமும் நீங்க வெச்சது. மூக்கு நிழல் தப்பா விழுந்தா, ஃப்ளாஷை ஒரு அடி நகர்த்தினா போதும். காரணம் தெரியும், தீர்வும் தெரியும்.

போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்க்கிறவங்க, அந்த வெளிச்சம் ஏன் அங்கே இருக்குன்னு ஒரு கேள்வி கேட்பாங்க. அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும். அந்தப் பதிலைக் கத்துக்க லட்ச ரூபாய் கேமரா தேவையில்லை. டிபார்ட்மென்ட் பீரோ சாவியைக் கேட்டு வாங்குங்க, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நண்பரைக் கூப்பிடுங்க, லைட்டை அணைங்க.

ஒண்ணு... ரெண்டு... மூணு... பளிச்!